பாலை மரத்து ஏரியல்

குலசேகரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது உச்சிப்பொழுது. சித்திரை வெயில். ரப்பர் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் நடந்து அத்தான் வீட்டு முற்றத்தை மிதிக்கும்போதே எனக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. வந்து கூட்டிக்கொண்டு போகும்படி குளோரி அக்கா ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அப்படிக் கேட்டதே இல்லை.

சிலுவைதாசன் அத்தான் திருவனந்தபுரத்தில் தந்தி ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் பென்ஷன் வாங்கினால் சபைக் கமிட்டியில் சேர்ந்து சண்டை போடுவார்கள். இவருக்கு ரேடியோ. சுதந்திரம் வந்ததும் மூட்டை கட்டிய தோட்டத்து வெள்ளைக்காரர்கள் போட்டுவிட்டுப் போன பழைய பெட்டிகளைத் தேடி வாங்கி, செத்ததைப் பிழைக்கவைப்பதே வேலை. காட்டோரத்தில் இந்த வீட்டை மலிவாக வாங்கியதும் அதற்காகத்தான். ஊர்ச் சந்தடி இல்லாத இடத்தில் ஸ்டேஷன் தெளிவாகக் கேட்குமாம். அக்கா தனியாகக் கிடந்து என்ன பாடுபடுவாள் என்று அந்த மனுஷன் ஒருநாளும் யோசித்ததில்லை.

திறந்துகிடந்த ஒரு பெட்டிமுன் உட்கார்ந்திருந்தார். அறையெல்லாம் ஈயம் பற்றவைத்த புகை. அதையும் மீறிப் பாலைப் பூ மணந்தது. சித்திரையில் பாலை பூக்காது.

அக்கா அடுக்களையில் இருந்தாள். இரண்டு காதிலும் பஞ்சு அடைத்திருந்தாள்.

"அது என்னையப் பேரு சொல்லிக் கூப்பிடுது மக்கா," என்றாள், மூச்சுக் காற்றாக. "பேட்டரி தக்கலையில சார்ஜுக்குக் கெடக்கு. பேட்டரி இல்லாத பெட்டி எப்பிடிப் பேசும்?"

நான் வெளியே வந்து, ரேடியோ அலை பிடிக்கும் ஏரியல் கம்பி போகும் வழியிலேயே நடந்தேன். அது ஜன்னலில் புறப்பட்டு முற்றத்தைக் கடந்து ஓர் ஏழிலைப்பாலை மரத்தில் போய் முடிந்தது. மரத்தில் என் தலை உயரத்துக்கு, கட்டைவிரல் பருமனில் ஓர் ஆணி. அதில்தான் கம்பியைச் சுற்றியிருந்தார்.

எங்கள் பக்கத்தில் பிறந்தவனுக்கு அது என்ன ஆணி என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஆளைத் தின்னும் யட்சியை மந்திரவாதி பிடித்துவந்து, அவள் உச்சந்தலையில் ஆணியை வைத்து மரத்தோடு அறைந்துவிடுவான். ஆணி இருக்கும்வரை அவள் அங்கேயே கிடப்பாள்; பிடுங்கிவிட்டால் வெளியே வந்துவிடுவாள். ஞானஸ்நானம் வாங்கிய வேதக்காரர்களான நாங்கள்கூட அப்படிப்பட்ட மரத்தைச் சுற்றித்தான் போவோம். இவரோ கம்பியைக் கட்டியதோடு விடவில்லை. உப்புத்தாள் போட்டுத் துருவையெல்லாம் தேய்த்து எடுத்திருந்தார். ஆணி புதுசாக மின்னியது.

உள்ளே போய்க் கத்தினேன். அவர் சிரித்தார். துரு இருந்தால் சத்தம் சுத்தமாக வராதாம், தேய்க்கத் தேய்க்கத் தெளிகிறதாம். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு முதலில் பயம் வந்தது.

"நீயே கேளு," என்று குமிழைத் திருகினார்.

பெட்டிக்குள் ஒரு கண்ணாடி வால்வுகூட எரியவில்லை.

கரகரப்பு வந்தது. அதற்குள் யாரோ மூச்சு விட்டார்கள்.

"இன்னும் கொஞ்சம்."

பெண் குரல்.

"இன்னும் கொஞ்சம் தேயி. குளோரி... தம்பி வந்துட்டானா?"

அத்தான் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவரைப் பிடித்துத் தள்ளிவிட்டு, மேஜையில் கிடந்த கட்டிங் பிளேயரால் ஜன்னலோரம் கம்பியை வெட்டினேன்.

பெட்டி சிரித்தது.

அக்காவைக் கிளம்பச் சொன்னேன். வேதப்புத்தகத்தை எடுத்து வருவதாக உள்ளறைக்குப் போனாள். நான் முற்றத்தில் நின்றேன். உள்ளே சிரிப்பு சட்டென்று நின்றது. ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. வெகுநேரம் கழித்து அக்கா வந்தாள், சேலையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு. கையில் வேதப்புத்தகம் இல்லை. இருந்த பதற்றத்தில் அதைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை. மரத்தின் பக்கம் திரும்பவும் எனக்குத் துணிவு வரவில்லை. அத்தானைக் கூப்பிட்டேன். ஒரு தடவை முழுசாகக் கேட்டுவிட்டு வருவதாக உள்ளே இருந்தபடியே சொன்னார்.

மறுநாள் ஆட்களோடு போனபோது அவர் பெட்டியில் காதை வைத்தபடி செத்துக்கிடந்தார். விரல்களில் இருந்து உப்புத்தாளைப் பிரிக்க முடியவில்லை. பாலை மரத்தில் ஆணி இல்லை. அது இருந்த துளையில் பால் வடிந்துகொண்டிருந்தது. முற்றம் முழுக்கத் தேடியும் ஆணி கிடைக்கவில்லை.

அக்காவை மார்த்தாண்டத்தில் எங்களோடு வைத்துக்கொண்டேன். புருஷனுக்காக அவள் அழவில்லை. தலையில் போட்ட சேலையை எடுக்கவும் இல்லை, தூங்கும்போதுகூட. துக்கம் என்று நினைத்தோம். இவளையாவது காப்பாற்றிவிட்டேனே என்று தினமும் ஜெபத்தில் நன்றி சொல்லிவந்தேன்.

ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த அறையில் என் மனைவி எப்படியோ அக்காவைச் சம்மதிக்கவைத்து, உட்காரவைத்துப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாலைப் பூ மணந்தது.

"இஞ்ச பாருங்க," என்று மனைவி கூப்பிட்டாள். "மைனிக்க உச்சந்தலையில என்னமோ முட்டிக்கிட்டு நிக்குது. இரும்பு கணக்கா குளுந்து இருக்கு. இழுத்தா வருது."

சோற்றுக் கையோடு எழுந்து ஓடினேன். நான் வாசற்படியைத் தாண்டுவதற்குள், அக்காவின் வாயிலிருந்து அந்தக் குரல் கேட்டது.

"இன்னும் கொஞ்சம்."