மிஷின் போட்ட அஞ்சு

பாண்டீஸ்வரி ஒரு மதிப்பெண் போட்ட வீடியோவுக்கு மிஷின் ஐந்து போட்டிருந்தது.

அப்படி நடந்ததே இல்லை. போனில் நிற்காமல் ஓடுவதற்காகச் சுருக்கிய வீடியோக்களைப் பார்த்து, கண்ணுக்கு எவ்வளவு தெளிவாக இருக்கிறதென்று ஐந்துக்கு மதிப்பெண் போடுவது அவள் வேலை. அவள் என்ன போடுவாள் என்று மிஷின், அதாவது கம்ப்யூட்டர் புரோகிராம், முன்கூட்டியே கணித்து வைத்திருக்கும். ஏழு மாதம் அவள் மதிப்பெண்களைப் பார்த்துப் பழகியதில், இப்போதெல்லாம் பிசகுவதில்லை.

அருப்புக்கோட்டையில் விசைத்தறிக் கொட்டகைக்கு மேலிருந்த அந்த அறையில், கீழே தறிகள் அடித்த அடியில் மேசைமேல் தண்ணீர் பாட்டில் நடுங்கிக்கொண்டேயிருக்க, நூலுக்குப் போட்ட கஞ்சியின் புளித்த வாடை நாலு மணி வெக்கையோடு ஜன்னல் வழியே ஏறி வந்துகொண்டிருந்தது. அந்த வீடியோவை மறுபடி ஓட்டினாள். திருச்சுழிப் பக்கம் எங்கோ எடுத்த பத்து விநாடிக் காட்சி. வெடித்த கரிசல், கருவேலம்புதர், ஒரு வண்டிப்பாதை. சுருக்கியதில் மண்ணும் புதரும் கட்டம் கட்டமாக உடைந்து ஒன்றாய்க் குழம்பிக் கிடந்தன. நடுவில் ஒரு பெண் முதுகு காட்டி நின்றாள். அவள் மட்டும் உடையவில்லை. ஈரக் கூந்தல் இழை இழையாகத் தெரிந்தது.

சுருக்காத அசல் வீடியோவை ஓட்டினாள். பாதையில் யாருமில்லை.

அடுத்தது அதே காட்சி, இன்னும் சுருக்கியது. புதர் எது, மண் எது என்று தெரியவில்லை. அந்தப் பெண் பாதி திரும்பியிருந்தாள். மிஷின் போட்டது ஐந்து.

“வீரபாண்டிண்ணே, இங்கன கொஞ்சம் வாங்களேன்.”

மேற்பார்வை பார்க்கும் வீரபாண்டி டீ கிளாஸோடு வந்து குனிந்தார். “வெறுங் கட்டமாத்தான இருக்கு?”

“பொம்பள ஒருத்தி நிக்கிறாண்ணே. உத்துப் பாருங்க.”

“காலையிலருந்து முன்னூறு வீடியோ பாத்திருக்க. கண்ணு அசந்துருச்சு. வீட்டுக்குப் போ தாயி.”

“அப்ப மிஷினு எதுக்கு அஞ்சு போட்டுச்சு?”

“அது ஒன்னயப் பாத்துப் படிச்சதுதான,” என்றார். சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

அதற்குள் அடுத்த வீடியோ தானாக ஓடத் தொடங்கியிருந்தது. திரை முழுக்கப் பத்துப் பன்னிரண்டு கட்டங்கள்தான். அந்தப் பெண் முழுதாகத் திரும்பியிருந்தாள். நேராகப் பாண்டீஸ்வரியைப் பார்த்தாள்.

பாண்டீஸ்வரி எழுந்து ஓடினாள்.

வீட்டுக்குப் போகும் பாளையம்பட்டி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வெளியே வேப்பமரம் ஒன்று கட்டமாக உடைந்து, மறுபடி கூடியது. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அடுத்த மரம் உடைந்தது, திரும்பக் கூடவில்லை.

“டிக்கெட் எடும்மா.”

கண்டக்டரின் குரல்தான். முகம் இருந்த இடத்தில் நாலு பழுப்புக் கட்டம்.

தெரு முழுக்கக் கட்டம். தடவித் தடவி நடந்தாள். வீட்டுக் கதவு. பள்ளிக்கூடம் விட்டு மகள் வந்திருப்பாள்.

“தங்கச்செல்வி! தங்கம்!”

கதவு திறந்தது.

“ஏம்மா இம்புட்டு வெரசா வந்துட்ட?”

மகளின் குரல். சீருடை நீலத்தில் ஒரு கட்டம். மேலே முகம். கண் இல்லை. மூக்கு இல்லை. வாய் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு கட்டம், திறந்து திறந்து மூடியது.

“என்னம்மா அப்பிடிப் பாக்குற?”

மகளின் தோளில் ஒரு கை இருந்தது.

ஈரமான கை. நகக்கண்ணில் ஒட்டியிருந்த கரிசல் மண்கூடத் தெளிவாகத் தெரிந்தது.