திருத்த அனுமதி

புரொஜெக்டருக்கு இருந்தது ஒரே ஒரு கேபிள். அதை இரண்டு கைகள் ஒரே சமயத்தில் பிடித்தன.

“சார்... விடுங்க. முதல் செஷன் என்னோடது.”

“என்னோடதுன்னு சொன்னாங்க.”

அவள் நிமிர்ந்தாள். மழையில் நனைந்து வந்திருந்தாள். இமை ஓரத்தில் இன்னும் ஒரு துளி விழாமல் நின்றது. அது எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டான் ஜோயல். யாரையும் இவ்வளவு நேரம் அவன் பார்ப்பதில்லை... சட்டென்று கண்களை எடுத்துக்கொண்டான்.

திருவிடந்தையில், கடலோரத்துப் பயிற்சிக் கூடம் அது. வட்டாரத்துத் தனியார் பள்ளி ஆசிரியர்கள் கூடியிருந்தார்கள். வகுப்பில் பாடத்தைத் திரையில் காட்ட எந்த மென்பொருள் நல்லது என்பதுதான் அன்றைய பேச்சு. பவர்பாயின்ட் பற்றிப் பேச வந்தவன் ஜோயல், செய்யூர்ப் பள்ளியின் கம்ப்யூட்டர் சார். இணையத்தில் இயங்கும் கூகுள் ஸ்லைட்ஸ், கேன்வா பற்றிப் பேச வந்தவள் சிநேகா, ஊரப்பாக்கத்துப் பள்ளியில் அறிவியல் மிஸ்.

“இன்னாப்பா, ஒயருக்கே அடிச்சுக்கிறீங்களா?” என்று வந்தார் பயிற்சியை நடத்தும் தீனதயாளன் சார். “ஜோயல் முதல்ல. மிஸ், நீங்க மைக்கைப் பிடிங்க.”

திரையில் ஜோயலின் முதல் ஸ்லைடு விரிந்தது. வெள்ளைத் தாள். சுற்றிலும் தடித்த கறுப்புக் கட்டம். நடுவில் கறுப்பு எழுத்து. வேறொன்றும் இல்லை.

“ஐயோ... இன்னா சார் இது! கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரி கீது!”

தனக்குள் சொல்லிக்கொண்டதாகத்தான் நினைத்தாள் சிநேகா. கையிலிருந்த மைக் உயிரோடு இருந்தது. கூடமே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள்.

ஜோயல் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னான்.

“நான் கடைசியா டிசைன் பண்ணது அதுதான் மிஸ். என் வைஃபுக்கு.”

அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

அவனும் திரும்பித் திரையைப் பார்த்தான், முதல் முறையாகப் பார்ப்பவன் போல. அந்தப் போஸ்டரை இதே பவர்பாயின்ட்டில்தான் செய்தான். பிறகு பாடம் எடுக்க வேண்டி வந்தபோது அதே கோப்பை வேறு பெயரில் சேமித்தான். படத்தை நீக்கினான். பெயரை நீக்கினான். கட்டத்தை நீக்கத் தோன்றவில்லை. ஒளிச்சேர்க்கை, ஈர்ப்பு விசை, சோழர் ஆட்சி... மற்ற ஆசிரியர்களுக்கு அவன் செய்து தந்த எல்லாமே அந்தக் கறுப்புக் கட்டத்துக்குள்தான் இருந்தன. இதுவரை யாரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்?

அவன் சுருக்கமாகப் பேசி முடித்தான். அடுத்து சிநேகா.

அவள் லேப்டாப்பை இணைத்தபோது மழை வலுத்திருந்தது. திரையில் ஒரு வட்டம் சுற்றியது... சுற்றிக்கொண்டே இருந்தது. நெட் இல்லை. பின் வரிசையில் யாரோ கொட்டாவி விட்டார்கள். அவள் கண்கள் நிறைவதை ஒரே ஒருவன் பார்த்தான்.

ஜோயல் எழுந்து வந்து கேபிளைத் தன் லேப்டாப்பில் செருகினான்.

“நீங்க பேசுங்க. நான் டைப் பண்றேன்.”

“சார்... நான் உங்க பவர்பாயின்ட்டைக் குறை சொல்லப் போறேன்.”

“சொல்லுங்க. எழுத்துப்பிழை இல்லாம அடிக்கிறேன்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை எடுத்தாள்.

“பவர்பாயின்ட்... நெட் இல்லன்னாலும் நிக்காது. அது நிறை. இப்பத்தான் எல்லாரும் பார்த்தீங்க.” கூடம் லேசாகச் சிரித்தது. “குறை... பென்டிரைவை வூட்ல மறந்துட்டு வந்தா கதை கந்தல். அப்புறம், சார் வச்சிருக்கிற பழைய வெர்ஷன்ல ஒரு நேரத்துல ஒரு ஆளுதான் வேலை செய்யலாம். தனியா.”

அவன் விரல் ஒரு கணம் நின்றது. பிறகு அடித்தான். தனியாக.

“கூகுள் ஸ்லைட்ஸ்ல ரெண்டு பேர் ரெண்டு ஊர்ல இருந்துகினே ஒரே பக்கத்துல எழுதலாம். முன்னாடியே ஆஃப்லைன்ல எடுத்து வச்சிருந்தா நெட் இல்லாமலும் திறக்கும். நான் வைக்கல.”

“அதையும் அடிக்கவா மிஸ்?”

“அது வேணாம் சார்!”

இம்முறை கூடம் வாய்விட்டுச் சிரித்தது.

“கேன்வா அழகு. கண்ணுக்கு அப்படி ஒரு குளிர்ச்சி. ஆனா எல்லாரும் ஒரே டெம்ப்ளேட்டை எடுத்தா, மொத்த ஸ்டாஃபும் ஒரே டிசைன் புடவையில மீட்டிங் வந்த மாதிரி ஆயிடும்...”

அவன் உதடு அசைந்தது. சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும். அவனுக்கே நிச்சயமில்லை.

டீ இடைவேளையில் அவள் அவன் பக்கம் வந்து நின்றாள். சாரல் இருவர் மேலும் பட்டது.

“சாரி சார். தெரியாம...”

“தெரிஞ்சு யாரும் சொல்ல மாட்டாங்க மிஸ்.” டீயைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “அவ போனதிலிருந்து எல்லாரும் என்கிட்ட மெதுவாவே பேசறாங்க. நீங்க ஒருத்தர்தான் கத்தினீங்க.”

“அது... நல்லதா சார், கெட்டதா?”

அவன் யோசித்தான். “காது கேட்டுது.”

தீனதயாளன் சார் வந்தார். “அடுத்த சனிக்கிழமை ரெண்டாவது பேட்ச். ரெண்டு பேரும் சேர்ந்தே ஒரு பிரசன்டேஷன் ரெடி பண்ணிடுங்க. உங்க சண்டைதான் ஜனத்துக்குப் புடிச்சிருக்கு.”

அன்று மாலையே சிநேகா கூகுள் ஸ்லைட்ஸில் ஒரு கோப்பைத் திறந்து, அவனுக்குத் திருத்தும் அனுமதி கொடுத்தாள். அவள் ஊரப்பாக்கத்தில். அவன் செய்யூரில். பள்ளி விட்டு வந்ததும் இருவரும் அதற்குள் வந்துவிடுவார்கள்.

திரையில் அவன் பெயர் தாங்கிய சிறு கர்சர் கோடு வரும். வந்தவுடன் வேலை செய்யாது... அவள் எங்கே இருக்கிறாளோ அந்த ஸ்லைடுக்கு வந்து, சற்று நிற்கும். பிறகுதான் நகரும். அந்தச் சற்று நேரத்துக்காகவே அவள் தலை வாரி, பொட்டில்லாத நெற்றியைத் துடைத்து, கண்ணாடி பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். லேப்டாப்புக்கு முகம் தெரியாது என்று தெரிந்தும்!

ஓரத்தில் கமென்ட் எழுதிக்கொண்டார்கள்.

“சார், இவ்வளவு வெள்ளையா? கொஞ்சம் கலர் போடுங்க.”

“எனக்குக் கலர் வராது மிஸ்.”

“வராதா, வர வுடமாட்டீங்களா?”

மறுநாள் அவன் சேர்த்த ஸ்லைடில் மெல்லிய நீலம். கறுப்புக் கட்டம் இல்லை. அவள் பார்த்தாள். அடுப்படியில் போய் நின்று கொஞ்சம் அழுதுவிட்டு வந்தாள்.

அடுப்படியில் அழும் பெண்ணை எந்த அம்மா சும்மா விடுவாள்? அம்மா சாராள் விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

“பொண்டாட்டி செத்தவனா? ரெண்டாந்தாரமாவா போவ?”

“அவர் என்கிட்ட ஒண்ணுமே கேக்கலம்மா.”

“கேக்கறதுக்கு முன்னாடியே சொல்றேன், கேட்டுக்க. ஆயுசு முழுக்க ஒப்பீடுதாண்டி. அவ வச்ச கொழம்பு, அவ மடிச்ச துணி... நீ ஒண்ணொண்ணுலயும் தோப்ப. செத்தவகிட்ட எவளும் ஜெயிக்க முடியாது. ஞாயித்துக்கிழமை தாம்பரத்துலேர்ந்து வராங்க. ஒழுங்கா நில்லு.”

அன்று மாலை அவன் கோடு வந்து நின்றது. அவள் கமென்ட் எழுதினாள்.

“ஞாயித்துக்கிழமை என்னைப் பொண்ணு பார்க்க வராங்க சார்.”

கோடு அசையவில்லை. வெகுநேரம் அப்படியே நின்றது. ஏதாவது எழுதேன்... எழுதேன்...

“வாழ்த்துகள் மிஸ்.”

எழுதிவிட்டு, கமென்ட்டின் ஓரத்தில் இருந்த சரி அடையாளத்தை அழுத்தினான். ‘தீர்க்கப்பட்டது’ என்று சொல்லி, அவள் எழுதியதும் அவன் எழுதியதும் ஒன்றாக மறைந்தன.

தீர்க்கப்பட்டதா? எழுத்துப்பிழையைத் திருத்துகிற மாதிரி என்னைத் தீர்த்துவிட்டானா? அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது. பகிர்வுப் பட்டியலைத் திறந்தாள். அவன் பெயருக்கு எதிரே ‘திருத்துபவர்’ என்று இருந்ததை ‘பார்வையாளர்’ என்று மாற்றினாள்.

மறுநாள் ஜோயல் கோப்பைத் திறந்தான். எழுதப் போனான். எழுத்து விழவில்லை. மேலே ஒரு பட்டன் இருந்தது. திருத்த அனுமதி கேட்கவும்.

அழுத்தினால் போதும், அவளுக்கு மெயில் போய்விடும். சிறியதொரு பட்டன்தான்.

மனைவி ஹெலன் போன பிறகு அவன் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. சோறு கொண்டு வந்தார்கள், சாப்பிட்டான். பள்ளிக்குப் போ என்றார்கள், போனான். கேட்பதற்கு ஏதாவது வேண்டும் என்று இருக்க வேண்டும். வேண்டும் என்று இருந்தால், அது இல்லாமல் போவதும் இருக்கும். அந்த வலி அவனுக்குத் தெரியும்.

லேப்டாப்பை மூடிவிட்டான்.

சனிக்கிழமை. அதே கூடம். சிநேகா தனியாகவே பேசினாள். நீல நிற ஸ்லைடுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஜோயல் கடைசி வரிசையில் இருந்தான்.

“ஏம்பா ஜோயல், நீ ஏன் பின்னால போய்க் குந்திகினு கீற?” என்றார் தீனதயாளன் சார்.

“எனக்குப் பார்க்க மட்டும்தான் அனுமதி சார்.”

ஒன்றும் புரியாமலே எல்லோரும் சிரித்தார்கள். சிநேகாவுக்கு மட்டும் காது மடல் சிவந்தது. அடுத்த வரி மறந்தது... அடுத்த ஸ்லைடும் மறந்தது.

முடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் கிளம்பி, மெயின் ரோடு பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றாள். பெருமாள் கோயிலில் கல்யாணம் கூடி வர வேண்டி வந்தவர்கள் கழுத்தில் மாலையோடு பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். தூறல் ஆரம்பித்தது. பைக் ஒன்று வந்து ஓரமாக நின்றது.

ஜோயல் இறங்கினான். அவள் பக்கத்தில் வந்தான். நின்றான்.

பைக் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

பூக்கடை எல்லம்மாள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பொறுக்கவில்லை.

“இன்னா நைனா, பொண்ணை மழைல நிக்க வச்சிகினு வாயத் தொறக்காம கீற? ஒரு மாலை வாங்கிக் குடேன்.”

“நாங்க கிறிஸ்டியன்மா.”

“இருந்துட்டுப் போ. பூவுக்கு இன்னா தெரியும்?”

சிநேகாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். கோபமாக இருக்க வேண்டும் என்று நினைவு வந்தது.

“பட்டன் இருந்துச்சே சார். ஏன் அழுத்தல?”

“மெயில்ல கேக்கற விஷயம் இல்ல.”

“அப்போ வாயால கேளுங்க.”

தூறல் அவன் மூக்குக் கண்ணாடியில் படிந்தது. துடைக்கவில்லை.

“எனக்கு ரொம்ப நாளா எதுவும் வேணும்னு தோணல மிஸ். அன்னிக்கு வாழ்த்துகள்னு அடிச்சிட்டு... ராத்திரி சோறு இறங்கல. பசிச்சுது. ஆனா இறங்கல.” மூச்சு வாங்கினான். “நாளைக்கு அவங்க வர வேணாம். பார்க்கறது மட்டும் எனக்குப் போதாது.”

அவள் கண்கள்... மழையா, வேறா என்று தெரியாமல் மினுங்கின.

“அம்மா ஒண்ணு சொல்றாங்க சார். நீங்க உங்க வைஃபையும் என்னையும் ஒப்பிட்டுகினே இருப்பீங்களாம். நிறை ஒரு பக்கம், குறை ஒரு பக்கம்.”

அவன் உடனே பதில் சொல்லவில்லை. அதுவே அவளுக்குப் பிடித்தது.

“ஹெலன் ஞாபகம் வரும். வராதுன்னு சொன்னா பொய். சில நாள் நான் ஊமையா உக்காந்திருப்பேன். அப்போ நீங்க கத்தலாம். ஆனா பக்கத்துல பக்கத்துல வச்சுக் கட்டம் போட மாட்டேன். நீங்க அவளுக்குப் பதில் இல்ல. நீங்க நீங்கதான்.”

சிநேகா போனை எடுத்தாள். எண்ணை அழுத்தினாள். அவன் கையில் கொடுத்தாள்.

“இதை அப்படியே அம்மாகிட்ட சொல்லுங்க.”

“இப்பவா?”

“நாளைக்கு ஞாயித்துக்கிழமை சார்!”

“அலோ... இன்னாடி, பஸ் கெடச்சிதா?” என்றது போன்.

“ஸ்தோத்திரம்மா. நான்... ஜோயல்.”

பஸ் வந்தது. மாலை போட்டவர்கள் ஏறினார்கள். பஸ் போனது. சிநேகா ஏறவில்லை. துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தாள்.

“ஆமாம்மா... ஹெலன்... காய்ச்சல்லதாம்மா... இல்லம்மா, குடிக்க மாட்டேன்... கேக்கத்தான் பேசறேன்மா. சிநேகாவைக் கேக்கத்தான்...”

பிறகு அவன் பேசவே இல்லை. கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில், “வரேம்மா” என்று மட்டும் சொல்லிப் போனைக் கொடுத்தான்.

“இன்னா சொன்னாங்க?”

“திட்டினாங்க.”

“ஐயோ...”

“அப்புறம் தாம்பரத்துக்காரங்களை வர வேணாம்னு சொல்லிடறேன்னாங்க. முடிவெல்லாம் என்னைப் பார்த்துட்டுத்தானாம். நாளைக்கு சர்ச் முடிஞ்சு வரணுமாம். கேசரிக்கு ரவை வாங்கி வச்சிட்டாங்களாம், வீணாப் போகக் கூடாதாம். கேசரி பிடிக்குமான்னு கேட்டாங்க.”

“நீங்க வாயே தொறக்கலியே!”

“எங்க விட்டாங்க? நாளைக்கு நேர்ல சொல்லிக்கறேன்.”

“இன்னான்னு?”

“பிடிக்கும்னு.”

“கேசரி மட்டுமா சார்?”

அவன் கண்ணாடியைக் கழற்றினான். மழை முகத்தில் நேராக விழுந்தது.

“உன்னையும்” என்றான்.