போன் வாப்பா

போலகம் ஊரைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே அந்தப் பழைய மாளிகை நிற்கிறது. மராட்டிய ராஜா கட்டியது என்பார்கள். இல்லை, பிரெஞ்சுக்கார துரை கட்டியது என்று அடித்துச் சொல்கிறவர்களும் உண்டு. யார் கட்டியிருந்தால் என்ன, ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு காஜா நஜ்முதீன் அதன் வாசலில் காரை நிறுத்தியபோது வேறு வண்டி ஒன்றுகூட இல்லை.

காலையில் தரங்கம்பாடிக் கோட்டை. அப்புறம் அம்மையார் கோயில் குளத்தைச் சுற்றி ஒரு நடை. இப்போது இந்த மாளிகை. மனைவி சஜிதாவுக்குக் கால் வலி எடுத்துவிட்டது. ஆனாலும் கூடவே நடந்தாள். இத்தனை அலைச்சலும் யாருக்காக என்று அவளுக்குத் தெரியும்.

மகள் அஃப்ராவுக்கு ஆறு வயது. அவள் பிறந்து நாற்பதாம் நாள் குவைத்துக்கு விமானம் ஏறியவன் நஜ்முதீன். நடுவில் ஒரே ஒருமுறை வந்து போனான். இந்த முறை நாற்பது நாள் விடுப்பில் முப்பத்தேழு நாள் ஓடிவிட்டது. இன்னும் அந்தப் பிள்ளை நேருக்கு நேர் அவனை வாப்பா என்று கூப்பிடவில்லை. வீட்டில் நிற்கிறவன் அவளுக்கு 'அவங்க'. செல்போனில் தெரிகிறவன்தான் 'போன் வாப்பா'.

அதனால் அவன் ஒரு வழி வைத்திருந்தான். அடுத்த அறைக்குப் போய் சஜிதாவின் போனுக்கு வீடியோ கால் போடுவான். உடனே அஃப்ரா போனைப் பிடுங்கிக்கொண்டு வாய் ஓயாமல் பேசுவாள். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். உள்ளுக்குள் மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது.

காவலாளி சண்முகசுந்தரம் மூன்று பேரையும் எண்ணி நோட்டில் எழுதிக்கொண்டார்.

"ஆறு மணிக்குக் கதவச் சாத்திடுவேன் சார். பின்னால குளம் இருக்கு, தண்ணி இடுப்பளவுதான். ஆனா பாசி. புள்ளய இறக்காதீங்க."

குளத்தின் மேல்படியில் தாயும் மகளும் உட்கார்ந்தார்கள். தண்ணீர் அசையாமல் கிடந்தது. வவ்வால் எச்சமும் ஊறிய இலையும் கலந்த ஒரு வாடை. நஜ்முதீன் மாடிக்கு ஏறி, உடைந்த ஜன்னலோரம் நின்று கால் போட்டான்.

"போன் வாப்பா," என்று திரை நிறைய சிரித்தாள் அஃப்ரா. போன வாரம் விழுந்த கீழ்ப் பல்லின் இடத்தில் ஓட்டை தெரிந்தது.

கோட்டையில் பார்த்த பீரங்கியைப் பற்றிப் பேசினாள். பேசிக்கொண்டே படியிறங்குவது படம் குலுங்குவதில் தெரிந்தது. ஏறிவா என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பேச்சு நின்றுவிடுமே என்று விட்டுவிட்டான். பாவி.

திரையின் ஓரத்தில், அவள் தோளில், ஈரமான சின்னக் கை ஒன்று வந்து உட்கார்ந்தது.

"யாரும்மா பக்கத்துல?"

"ஒரு புள்ள. இதுக்கு வாப்பா இல்லையாம். உங்கள வாப்பான்னு கூப்புட்டுக்கவான்னு கேக்குது. நீங்க சரின்னு சொல்லணுமாம்."

பக்கத்து வயல்காட்டுப் பிள்ளையாக இருக்கும் என்று நினைத்தான். மகள் தன்னிடம் ஒன்று கேட்கிறாள் என்பதே அவனுக்குப் பெருமையாக இருந்தது.

"சரி, தாராளமா கூப்புடச் சொல்லு."

படம் அணைந்தது.

அவன் சிரித்த முகமாகத்தான் இறங்கி வந்தான். பிள்ளை போனில் பேசுகிறாளே என்று எழுந்து போயிருந்த சஜிதா, சாயங்கால அசர் தொழுகைக்காகக் குழாயடியில் கை கால் முகம் கழுவி ஒளு செய்து முடித்து நிமிர்ந்தாள்.

"அஃப்ரா எங்கங்க? உங்ககிட்டதானே பேசிக்கிட்டு இருந்தா?"

படிகள் காலியாக இருந்தன.

அவன் செருப்போடு குளத்தில் குதித்தான். சண்முகசுந்தரம் மூங்கில் கழியோடு ஓடி வந்தார். கழியால் துழாவினார்கள், காலால் துழாவினார்கள், சேற்றைக் கையால் அள்ளிப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. ஒவ்வோர் அறையாகத் திறந்து பார்த்தார்கள். சஜிதா பெயர் சொல்லிக் கத்திக் கத்திக் குரல் உடைந்துபோனாள்.

அவள் போனுக்கு அடித்தான். மணி கேட்டது. மாடியில் கேட்பதுபோல் இருந்தது. ஏறினான். இப்போது கீழே கேட்டது. இறங்கினான். படிக்கட்டுக் கல்லுக்கு அடியில் கேட்டது. அவன் நகத்தால் கல்லைப் பிறாண்டினான்.

வெளிச்சம் மங்கியது. தூரத்துப் பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு எழுந்தது.

"அஃப்ரா... வாப்பா கூப்புடுறேன். வாம்மா. வாப்பாகிட்ட வந்துடும்மா."

"வாப்பா."

குரல் முதுகுக்குப் பின்னால் கேட்டது. ஈரமான சின்னக் கை அவன் உள்ளங்கைக்குள் நுழைந்தது. அஃப்ரா. அதே மஞ்சள் சட்டை. அவன் கண்ணை நேராகப் பார்த்து, இன்னொரு தரம் வாப்பா என்றாள்.

அவன் அவளைத் தூக்கி அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதான். போன் தண்ணீரில் விழுந்துவிட்டதாம். போனால் போகட்டும். சண்முகசுந்தரம் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நோட்டைத் திறந்தார். வந்தது மூன்று, போவது மூன்று. கதவைச் சாத்திப் பூட்டினார்.

கார் போலகத்தைத் தொடுவதற்குள் சஜிதா பிள்ளையின் முகத்தையே குனிந்து பார்க்கத் தொடங்கியிருந்தாள். மடியில் கிடந்த பிள்ளை கொட்டாவி விட்டது.

"என்னங்க," கிசுகிசுத்தாள். "பல்லு இருக்குங்க."

"முளைச்சிருக்கும்."

"விழுந்து ஒரு வாரம்தாங்க ஆவுது."

அப்போதுதான் அவனுடைய போன் அடித்தது. திரையில் 'சஜிதா' என்று வந்தது.

"எடுக்காதீங்க வாப்பா," என்றது பிள்ளை.

எடுத்தான்.

பச்சைப் பாசி படிந்த படி. இடுப்பளவு தண்ணீரில் அஃப்ரா நின்றாள். நடுங்கும் உதட்டுக்குள் பல் விழுந்த ஓட்டை தெரிந்தது.

"போன் வாப்பா, உம்மாவும் அவங்களும் என்னைய விட்டுட்டுப் போயிட்டாங்க. நீங்க வந்து கூட்டிக்கிட்டுப் போங்க."

வண்டியைத் திருப்பிக்கொண்டு பறந்தான். பூட்டைத் திறக்க வைத்து மறுபடி குளத்தில் இறங்கினான். விடியும்வரை துழாவியும் கிடைத்தது சஜிதாவின் போன் மட்டுந்தான். செத்துப்போயிருந்தது, உள்ளே சேறு.

காவல் நிலையத்துக்கும் போனான். காணாமல் போன பிள்ளையின் பெயர் கேட்டார்கள். அஃப்ரா என்றான். கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது யார் என்றார்கள். அவன் வாயைத் திறப்பதற்குள், "அஃப்ரா," என்று பிள்ளையே சொல்லிவிட்டது. போட்டோவைப் பார்த்தார்கள், பிள்ளையைப் பார்த்தார்கள். வீட்டில் போய்த் தூங்குங்க பாய் என்று அனுப்பி வைத்தார்கள். இருக்கிற பிள்ளையை யார் தேடுவார்கள்?

நஜ்முதீன் விமானம் ஏறவில்லை. தினமும் சாயங்காலம் அந்தப் படியில் போய் உட்காருகிறான். பிள்ளையும் கூடவே வந்துவிடுகிறது. விட்டுவிட்டு வர முடியவில்லை. பாங்குக்கு முன்னால் போன் ஒரே ஒருமுறை அடிக்கும். வெளியே குளத்தில் தண்ணீர் ஏறவே இல்லை. திரையில் மட்டும் ஒவ்வொரு நாளும் ஒரு விரற்கடை ஏறுகிறது.

நேற்று அது அவள் மோவாயைத் தொட்டிருந்தது.

"போன் வாப்பா, எனக்கு வழி தெரிஞ்சிடுச்சு," என்றாள் மூச்சு வாங்க. "அன்னைக்கு நீங்க சொன்னீங்கல்ல, அதே மாதிரி அந்தப் புள்ள சரின்னு ஒரு வார்த்தை சொன்னா நான் வந்துடலாமாம். சொல்லச் சொல்லுங்க."

அவன் பக்கத்தில் திரும்பினான். பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டான். தலையைக் கல்லில் முட்டிக்கொண்டு கெஞ்சினான்.

பிள்ளை அவன் தோளில் சாய்ந்து, ஈரக் கையால் அவன் கண்ணைத் துடைத்துவிட்டது.

"சொல்ல மாட்டேன், வாப்பா."