ஐந்து விநாடி இடைவெளி

சாயங்காலம் அந்த மணலில் கல் எதுவும் இருக்கவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே நாலு பேரும் அந்த இடத்தைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பார்த்திருந்தார்கள். முக்காலியை எங்கே ஊன்றுவது, வானத்தின் எந்தப் பக்கம் பால்வீதி எழும் என்று, போட்டோ கற்றுத்தரும் மாஸ்டர் கையை நீட்டி நீட்டிக் காட்டியிருந்தார். காற்று சீவிவிட்ட வெறும் மணல், ஒரு புதர்கூடக் கிடையாது. ஆனால் இருட்டியபின் அவள் எடுத்த முதல் சோதனைப் படத்தில், கேமராவின் சின்னத் திரையில், தொலைவில் இரண்டு மேடுகளுக்கு நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு கறுப்புக் கல் நின்றுகொண்டிருந்தது.

பதினெட்டு வருஷமாக மருந்துக்கடை நடத்துகிறவள். அட்டையில் ஒரு மாத்திரை குறைந்தால் பார்க்காமலே விரலால் தடவிச் சொல்லிவிடுவாள். கவனித்திருக்க மாட்டோம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள அவளால் முடியவில்லை.

“மாஸ்டர், இங்க கல்லு ஏதாவது இருந்துச்சா?”

மாஸ்டர் வந்து குனிந்து பார்த்தார். “அட, இதுவா! என் படத்துலயும் இது வரும் மேடம். மூணு வருஷமா வருது. நல்ல கல்லு. அதை நடுவுல வச்சு எடுங்க, எடுப்பா இருக்கும்.”

“பக்கத்துல போய்ப் பார்த்திருக்கீங்களா?”

“ஒவ்வொரு தடவையும் பார்க்கணும்னுதான் நினைப்பேன். காலையில கெளம்புற அவசரத்துல மறந்துபோயிடுது” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். மூன்று வருஷமாக ஒரு கல்லைப் போய்ப் பார்க்க மறக்கிற மனிதரை நம்பி நடு மணலில் நிற்கிறோமே என்று அவளுக்கு எரிச்சல் வந்தது.

எரிச்சலுக்கு உண்மையான காரணம் தம்பிதான். வேலை போனபிறகு எட்டு மாதமாக அறைக்குள்ளேயே கிடந்தான், ராத்திரி முழுக்க விளக்கை எரியவிட்டுக்கொண்டு. கதவைத் தட்டினால் பதில் வராது. அவள்தான் அவனைக் கேட்காமலே இந்தப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்து, காதைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்திருந்தாள். கிளம்பும்போது அம்மா வாசல்வரை வந்து, “எப்படிக் கூட்டிட்டுப் போறியோ அப்படியே கூட்டிட்டு வந்துடு” என்றாள். “உன் புள்ளைய யாரு கடிச்சுத் திங்கப் போறா?” என்று இவள் சிரித்தாள்.

அவர்கள் இருவரையும் மாஸ்டரையும் தவிர ஓய்வுபெற்ற இன்ஜினியர் ஒருவர். அவ்வளவுதான் கூட்டம். இறக்கிவிட்ட ஜீப் போய்விட்டது. காலை ஐந்தரைக்குத்தான் வரும்.

வரிசையின் வலது கோடியில் மாஸ்டர், அடுத்து இன்ஜினியர், அடுத்து தம்பி, கடைசியில் அவள். ஒருவருக்கொருவர் நாற்பது அடி. தம்பியை மட்டும் அவள் கொஞ்சம் முன்னால் தள்ளி நிற்கச் சொன்னாள். அவனுடைய உருவம் அவள் படத்தின் ஓரத்தில் விழும். விழட்டும், கண்ணில் பட்டுக்கொண்டே இரு என்றாள். முக்காலிகள் காற்றில் ஆடாமலிருக்க மாஸ்டர் ஒவ்வொரு காலுக்கும் இரும்பு முளை வைத்துச் சுத்தியலால் அடித்துக் கொடுத்தார்.

“நல்லா கேட்டுக்குங்க” என்றார். “நான் விசில் அடிச்சதும் நாலு பேரும் ஒண்ணா டைமரை ஆரம்பிக்கணும். இருபத்தஞ்சு விநாடி ஷட்டர் திறந்திருக்கும், அப்புறம் அஞ்சு விநாடி இடைவெளி. இப்படி நூறு படம். அசையாம இருக்கிறதுதான் படத்துல விழும். நடக்கிற ஆளு புகையாட்டம் கரைஞ்சு போயிடுவான். எது செய்யணும்னாலும் அந்த அஞ்சு விநாடியில செஞ்சுக்குங்க. ஷட்டர் திறந்திருக்கிறப்ப யாராவது வெள்ளை லைட்டு போட்டா எல்லார் படமும் போச்சு. அப்படிப் போட்டுட்டாங்கன்னா கண்ணை இறுக்கி மூடிக்குங்க. இருட்டுக்குப் பழகின கண்ணு, திரும்பப் பழக அரைமணி ஆகும்.”

விசில் ஒலித்தது. நான்கு ஷட்டர்களும் ஒன்றாகத் திறந்தன. ஊசி விழுந்தால் கேட்கும் அமைதியில் அந்த நாலு ‘க்ளிக்’கும் கோடிவரை தெளிவாகக் கேட்டன.

ஆறாவது படத்தில் தம்பி டார்ச்சைப் போட்டான். காலில் வண்டு ஏறிற்றாம். பத்தாவது படத்தில் மறுபடி போட்டான், இந்தத் தடவை காரணமே இல்லை.

“தம்பி, இதென்ன கல்யாண மண்டபமா, நினைச்சப்பல்லாம் லைட்டு போட?” என்று இன்ஜினியர் இருட்டிலிருந்து கத்தினார். “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சும்மாவா சொன்னாங்க!”

அவளுக்கு உடம்பே கூசியது. முப்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை.

பிறகு நெடுநேரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. குளிர் மணலிலிருந்து மேலேறி முழங்காலைப் பிடித்தது. வானம் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போவது வெறும் கண்ணுக்கே தெரிவதுபோல் இருந்தது. க்ளிக் என்று திறப்பு, இருபத்தைந்து விநாடி மௌனம், க்ளிக் என்று மூடல், ஐந்து விநாடி மூச்சு, மறுபடி க்ளிக். அந்தத் தாளத்தில் அவள் கண் செருகிக்கொண்டிருந்தபோதுதான் வலது கோடியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. தொம், தொம், தொம். மாஸ்டர் முளையை மறுபடி இறுக்குகிறார் என்று நினைத்தாள். சத்தம் கணீரென்று இல்லாமல் கொஞ்சம் ஈரமாகக் கேட்டது. மணல் பனியில் நனைந்திருக்கும். ஷட்டர்கள் திறந்தன, சத்தம் நின்றது. மூடின, மறுபடி தொம், தொம். பரவாயில்லை, சொன்னபடி இடைவெளியில் மட்டும்தான் அடிக்கிறார் என்று மெச்சிக்கொண்டாள்.

அடுத்த திறப்பில் மூன்று க்ளிக்தான் கேட்டது. பேட்டரி தீர்ந்திருக்கும்.

கனமாக எதையோ இழுக்கும் ஓசை. முக்காலியில் எடைக்குத் தொங்கவிடும் மணல்மூட்டையாக இருக்கும். அதுவும் இடைவெளிகளில் மட்டும். ஐந்து விநாடி இழுபடும், இருபத்தைந்து விநாடி ஓயும். பிறகு இன்ஜினியர் பக்கத்தில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. தொம். தொம். தொம். தொம். காற்று திரும்பியபோது ஒரு வாடை வந்தது. கடைக்குக் கட்டு மாற்ற வருகிறவர்களின் பழைய துணியை அவிழ்க்கும்போது வருமே, அந்த வாடை. அவளுக்குத் தெரிந்த வாடைதான். இருந்தும் மூக்கைத் தேய்த்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

இரண்டு க்ளிக்.

“அக்கா!”

வெள்ளை வெளிச்சம் அவள் முகத்திலேயே அடித்தது. சொல்லிக்கொடுத்தபடி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

“டேய், லைட்ட அணை!”

“அக்கா, இங்க வாக்கா... மாஸ்டர வந்து...”

“மூணாவது தடவைடா! மானத்த வாங்காத! இருட்டுல நின்னா செத்தா போயிடுவ? அணைன்னா அணை!”

பிறகு சின்ன வயதில் திட்டு வாங்கினால் சொல்வானே, அதே குரலில், “சரிக்கா” என்றான். மூடிய இமைக்குப் பின்னால் இருட்டு திரும்பி வந்தது. க்ளிக் என்று மூடல்.

தொம். தொம்.

க்ளிக். மௌனம்.

கோபத்தில் அவள் மூன்று படம் சும்மா உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும், இவனோடு இனி ஒரு இடத்துக்கும் போக முடியாது என்று. பிறகுதான் இன்ஜினியர் இந்தத் தடவை கத்தவில்லையே என்று தோன்றியது. இரண்டாம் தடவைக்கே அவ்வளவு பேசியவர். மாஸ்டரும் ஒன்றும் சொல்லவில்லை.

“மாஸ்டர்?”

எழுந்து நின்றாள்.

“தம்பி?”

அவள் தன் டைமரை நிறுத்தினாள். திரையில் தொண்ணூற்று நாலு என்று எண் காட்டியது. தம்பியின் கேமரா மட்டும் தனியாக, க்ளிக் என்று, தொண்ணூற்று ஐந்தாவது படத்துக்குத் திறந்தது. அவள் படங்களைப் பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். முதல் இருபது படங்களில் மேடுகளுக்கு நடுவே அந்தக் கல். முப்பதாவதில் மேடுகளுக்கு இப்பால். நாற்பதில் படத்தின் வலது ஓரம், மாஸ்டர் பக்கம். பிறகு கல்லே இல்லை. தொண்ணூற்று ஒன்றாவது படம் வெளிச்சம் பட்டு வெளுத்திருந்தது. ஓரத்தைப் பெரிதாக்கினாள்.

தம்பி மண்டியிட்டிருந்தான். கையில் டார்ச். திமிறியிருக்கிறான்; அதனால் உடம்பு புகையாகக் கலைந்து, ஒரு முகத்தில் மூன்று வாய் திறந்திருந்தது. அவன் தலைமயிரைப் பற்றியிருந்த கை மட்டும் கலையவே இல்லை. நகத்தின் விளிம்புகூடத் தெளிவாக விழுந்திருந்தது. மற்றொரு கையில் மாஸ்டரின் சுத்தியல், அதன் முனையில் ஒட்டிக்கொண்டு நரைமயிர். பின்னால் இன்ஜினியரின் நாற்காலி கவிழ்ந்து, அவர் கால்கள் வானத்தைப் பார்த்திருந்தன. அவர் தலை இருக்கவேண்டிய இடத்தில் மணல் கறுத்திருந்தது. கல்லாக நின்றுகொண்டிருந்ததற்கு முகம் இருந்தது. கண் திறந்திருந்தது. எந்த மனிதனாலும் அப்படி இருபத்தைந்து விநாடி இமைக்காமல், மூச்சுவிடாமல், மயிரிழை அசையாமல் நிற்க முடியாது. அது லென்ஸையே பார்த்து, படத்துக்கு நிற்கிறவர்கள் வைத்துக்கொள்வதைப்போல முகத்தை வைத்துக்கொண்டு நின்றிருந்தது.

அவள் தலையை நிமிர்த்தி இருட்டைப் பார்த்தாள்.

க்ளிக் என்று மூடல். எதிரே மணல் சரசரத்தது. வேகமாக. கூடவே ஏதோ இழுபட்டது. க்ளிக், திறப்பு. எல்லாம் நின்றது.

தொண்ணூற்று ஆறு. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஷட்டர் திறந்திருக்கும்வரை அது அசையாது. தம்பியின் கேமராவில் இன்னும் நாலு படம் பாக்கி இருக்கிறது.

நெற்றியில் கட்டியிருந்த சிவப்பு விளக்கைப் போட்டாள். இருபது அடியில் நின்றது. அதன் கையில் தொங்கிக்கொண்டு தம்பி. அவன் நெஞ்சு ஏறி இறங்கியது. உயிர் இருக்கிறது. தெய்வமே, உயிர் இருக்கிறது.

மூடல். சரசரப்பு. திறப்பு. தொண்ணூற்று ஏழு.

முக்காலியின் ஒரு முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். ஒன்று, இரண்டு, மூன்று. தம்பியின் மயிரிலிருந்து அந்த விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். இரும்பு. முளையால் மணிக்கட்டில் குத்தினாள். மறுபடி குத்தினாள். பத்து, பதினொன்று. முகத்தில் குத்தினாள், வெறிபிடித்தவளாக. முளை கண்ணுக்குள் நாலு விரற்கடை இறங்கியது. கண் இமைக்கவில்லை. இருபது. முளையை விட்டுவிட்டுத் தன் கேமராவுக்குத் திரும்பி ஓடினாள். இருபத்தைந்து.

மூடல். தொம். எலும்பு முறிகிற சத்தம். தம்பி அலறினான். திறப்பு. தம்பியின் வலது கால் முட்டிக்குக் கீழே தப்பான பக்கம் மடிந்திருந்தது.

அவள் பிறகு அதைத் தொடவில்லை.

தொண்ணூற்று எட்டு. பத்தடி.

தொண்ணூற்று ஒன்பது. தன் கேமராவின் சக்கரத்தைத் திருப்பினாள். பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் ஷட்டர் திறந்தே இருக்கும் முறை. ரிமோட் வயரின் பொத்தானைக் கட்டைவிரலால் தேடினாள். நழுவியது. மறுபடி பிடித்தாள்.

நூறு. எதிரே இரண்டு எட்டில், கண்ணில் முளையோடு. எண்ணினாள். இருபத்து நாலு. இருபத்தைந்து.

தம்பியின் கேமரா மூடியது. அதோடு ஓய்ந்தது.

அழுத்தினாள். க்ளிக்.

அது லென்ஸுக்கு ஒரு கை தூரத்தில் நின்றுவிட்டது. சுத்தியல் அவள் தலைக்கு மேல் ஓங்கியபடி. அதன் நுனியிலிருந்து ஒரு சொட்டு அவள் நெற்றியில் விழுந்தது, சூடாக. முகத்தை லென்ஸை நோக்கி, அழகாக வைத்துக்கொண்டு.

மணி இரண்டு பத்து. ஜீப் ஐந்தரைக்கு. திரையின் மூலையில் பேட்டரிக் குறி கடைசிக் கோட்டில் சிவப்பாகக் கண் சிமிட்டியது. மாற்றுப் பேட்டரி பையில் இருந்தது. பையை எடுக்க நாலு அடி நடக்க வேண்டும். வயர் அவ்வளவு நீளமில்லை.

மணலில் ஏதோ நகர்ந்தது. தம்பியின் கை. முக்காலியின் காலைத் தடவி, அவள் கணுக்காலைக் கண்டுபிடித்துப் பற்றிக்கொண்டது. விரல்கள் ஈரமாக இருந்தன.

“அக்கா” என்றான். பல் உடைந்த வாயிலிருந்து காற்றோடு காற்றாக வந்தது. “லைட்ட அணைச்சுட்டேன்க்கா... நீ வாக்கா...”

குனிய முடியாது. குனிந்தால் விரல் நழுவும். அவள் அவனைப் பார்க்காமல், அதன் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, “இங்கதான்டா இருக்கேன்” என்றாள். மரத்துப்போன கட்டைவிரலைப் பொத்தான்மேல் இன்னும் அழுத்தினாள். சிவப்புக் குறி இன்னொரு தடவை சிமிட்டியது. பிறகு சிமிட்டவில்லை.

க்ளிக்.