நகலாகாத வரிசை

எட்டு வரிசைகளைத் தேர்ந்தெடுத்து பட்டனை அழுத்தினால் ஏழுதான் போனது.

அவள் கம்ப்யூட்டர் திரையில் மறுபடி எண்ணினாள். இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் ஏழு. கண்ணாடித் தடுப்புக்கு வெளியே காவலாளி சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு நின்றார். "சீக்கிரம்மா. சரக்கு இளகுது."

அந்தக் குளிர்க்கிடங்கில் நாலாம் அறைதான் பெரியது, பொல்லாததும் அதுதான். சரக்கை அடுக்கி முடித்து, ஆட்கள் வெளியே வந்து, கதவைப் பூட்டிய பிறகு ஆளுயரக் காற்றாடிகள் ஓடத் தொடங்கும். ஒரு மணி நேரத்தில் உள்ளே இருப்பதெல்லாம் கல்லாகிவிடும். உள்பக்கமிருந்து கதவைத் திறக்கும் கைப்பிடி உடைந்து மாதக்கணக்காகிறது. நாளைக்கு வந்துவிடும் என்று மேனேஜர் தினமும் சொல்வார், சலிக்காமல் சொல்வார். கைப்பிடி வராமல் அதற்குப் பதிலாக வந்ததுதான் இந்த ஷீட். உள்ளே போகிறவரின் பெயரை அவள் 'உள்ளே' என்ற பக்கத்தில் அடிக்க வேண்டும். வெளியே வந்தவர்களின் வரிசைகளைத் தேர்ந்தெடுத்து பட்டனை அழுத்தினால், மேக்ரோ என்கிற குட்டி நிரல் அவற்றை 'வெளியே' என்ற பக்கத்துக்கு நகலெடுத்து அச்சடித்துக் கொடுக்கும். அந்தக் காகிதத்தை எண்ணிப் பார்த்துத்தான் காவலாளி பூட்டுவார்.

இன்று எட்டுப் பேர் போனார்கள், எட்டுப் பேரும் வந்துவிட்டார்கள். தடித்த கோட்டும் முக்காடுமாக ஒவ்வொருவராகத் தடுப்பைக் கடந்ததை அவளே பார்த்தாள். கடைசியாக வந்தவன் அவள் தம்பி. வந்தவன் நேரே அவள் அறைக்குள் நுழைந்து கதவோரம் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். போகாமல் நின்றது அவனுடைய வரிசைதான். ஆளே எதிரில் உட்கார்ந்திருக்கும்போது மேக்ரோவிடம் என்ன கேள்வி? அவள் எட்டாவது பெயரைக் கையால் அடித்துச் சேர்த்து, அச்சடித்து, காவலாளியிடம் கொடுத்தாள்.

பூட்டு விழுந்தது. சற்று நேரத்தில் காற்றாடிகள் எழுந்தன. மேஜை மேலிருந்த பேனா மெல்ல நடுங்கியது. மணி இரண்டே முக்கால், ஜன்னலுக்கு வெளியே வெயில் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது.

"போலாமா அக்கா?" என்றான் தம்பி.

"மூணு மணி ஆகட்டும்டா. இதை என்னன்னு பாத்துடறேன்."

தப்பான ஒன்றை அப்படியே விட்டுவிட்டுப் போக அவளால் முடியாது. பல்லிடுக்கில் நார் சிக்கினால் நாக்கு சும்மா இருக்காதே, அந்த மாதிரிப் பிறவி. பெயருக்குப் பின்னால் வெற்றிடம் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாள், இல்லை. கட்டங்கள் இணைந்திருக்கின்றனவா, அதுவும் இல்லை. வரிசைகளை இடையிடையே விட்டுத் தேர்ந்தெடுத்தால் சில மேக்ரோக்கள் முரண்டு பிடிக்கும் என்பதால் எல்லாவற்றையும் சேர்த்தே தேர்ந்தெடுத்தாள். ஏழு. தம்பியின் வரிசையை வெட்டி மேலே முதலாவதாக வைத்தாள். இப்போது முதலாவது போகவில்லை, மற்ற ஏழும் போயின. அந்த இடத்தில் மீசை என்று இன்னொரு ஆளின் பெயரை அடித்தாள், போனது. தன் பெயரை அடித்தாள், அதுவும் போனது. தம்பியின் பெயரை அடித்தாள். போகவில்லை.

மேக்ரோவின் உள்ளே புகுந்து வரி வரியாக ஓட்டினாள். மஞ்சள் பட்டை ஒவ்வொரு வரியாக இறங்கி, தம்பியின் முறை வந்ததும் நகலெடுக்கும் வரியைத் தாண்டிக் குதித்தது. தாண்டச் சொல்லி எங்கும் எழுதியிருக்கவில்லை. நாலு முறை ஓட்டினாள், நாலு முறையும் குதித்தது.

அறையில் ஈர அட்டைப்பெட்டி வாடையும், அதற்கடியில் பழைய இரும்பின் வாடையும் இருந்தன. நாலாம் அறையைத் திறக்கும்போது வருகிற வாடை அது. ஆனால் கதவு சாத்தி அரை மணி நேரமாகிறது. அவள் திரும்பிப் பார்த்தாள். தம்பி முக்காட்டைக்கூட எடுக்காமல், முழங்கால்மேல் கைகளை வைத்து, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கோட்டின் தோளில் உறைபனி பூத்திருந்தது. இந்த அறையில் வந்து உட்கார்ந்தவர்களின் கோட்டிலிருந்து எப்போதும் நீர் சொட்டும். ஸ்டூலுக்கடியில் தரை காய்ந்து கிடந்தது.

'கோட்டைக் கழட்டேண்டா' என்று சொல்ல வாயெடுத்தவள் ஏனோ சொல்லாமல் திரையின் பக்கம் திரும்பினாள். அப்போதுதான் இடதோரத்து எண்கள் கண்ணில் பட்டன. ஐந்து, ஆறு, எட்டு. ஏழு இல்லை. யாரோ அந்த வரிசையை மறைத்து வைத்திருந்தார்கள்.

மறைவை நீக்கினாள். தாடிக்காரர் என்று ஒரு பெயர். இருபத்தைந்து நாளைக்கு முந்தைய தேதி. கடைசிக் கட்டத்தில் ஒரு குறிப்பு: 'இது போகவில்லை. கையால் அடித்தேன்.'

அவள் இங்கே சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அதற்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவரை எல்லோரும் கண்ணாடியக்கா என்பார்கள். ஒரு விபத்துக்குப் பிறகு சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாராம். யாரோ காலையில் தானாக உள்ளே போய் மாட்டிக்கொண்டதாக மேனேஜர் சொல்லியிருந்தார். கண்ணாடியக்காவின் நம்பர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இன்னும் இருந்தது.

"அக்கா, நான் கிடங்குல புது கிளார்க் பேசறேன். அந்த மேக்ரோல ஒரு வரிசை மட்டும் போக மாட்டேங்குது."

அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கும் சத்தம் நின்றது.

"யாரோடது?"

"என் தம்பியோடது."

"கையால அடிச்சுட்டியா?"

"ஆமாக்கா. ஆளு இங்கதான் இருக்கான், அதனால..."

"கதவு?"

"பூட்டியாச்சு. காத்தாடியும் போட்டாச்சு."

 கண்ணாடியக்கா மிகவும் தணிந்த குரலில் பேசினார். "அன்னிக்கு தாடிக்காரரும் என் எதிர்லதான் நின்னாரு. பேசினாரு, சிரிச்சாரு. மேக்ரோதான் கெட்டுப்போச்சுன்னு நானும் அடிச்சுக் குடுத்தேன். வீட்டுக்குப் போயிருக்காரு. அவர் சம்சாரம் சாப்பாடு போட்டிருக்கா. மறுநாள் காலைல கதவைத் திறந்தா உள்ள கிடக்கறாரு. கதவுகிட்டயே."

"அப்ப வீட்டுக்குப் போனது?"

"அவர் சம்சாரம் இன்னும் வாயே திறக்கல. நீ என்கூடப் பேசிட்டு இருக்காதே. கதவைத் திற. முதல்ல போய் கதவைத் திற."

போனை வைத்தாள்.  பின்னால் ஸ்டூல் கிறீச்சிட்டது.

"யாருக்கா போன்ல?"

"யாருமில்ல." திரும்பினாள். அவனுடைய வலது கை, முழங்கால்மேல். காலையில் பெட்டி கட்டும் பட்டை கிழித்துக் கட்டைவிரலில் ரத்தம் வந்தபோது, தன் மஞ்சள் துணிப்பையின் ஓரத்தைக் கிழித்து அவள்தான் கட்டிவிட்டாள். வலிக்குதுக்கா என்று சின்னப்பிள்ளை மாதிரி முகத்தைச் சுளித்தான். இப்போது அந்த விரலில் துணி இல்லை. காயமும் இல்லை.

"விரல் என்னடா ஆச்சு?"

அவன் விரலைப் பார்த்தான். முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தான். "ஆறிடுச்சு அக்கா."

அவள் ஓடினாள்.

காவலாளி நாலாம் அறை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். "திறங்க. காத்தாடியை நிறுத்துங்க. உள்ள ஆள் இருக்கு."

"யாரு?"

"என் தம்பி."

அவர் அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் பார்த்தார். "என்னம்மா விளையாடறியா? உன் பின்னாடியே நிக்கிறான்."

"அது இல்ல. அது அவன் இல்ல."

"அக்கா ரெண்டு நாளா தூங்கல," என்றான் பின்னால் நின்றவன், வெட்கப்பட்டுச் சிரித்து. அதே சிரிப்பு. ஒரு பக்கம் மட்டும் ஏறுகிற அதே உதடு. "அதான் இப்படி."

"ஐயா, கால்ல விழறேன். ஒரே ஒரு தடவை."

"இத பாரும்மா. காத்தாடியை நடுவுல நிறுத்தினா மேனேஜர் என்னை நிறுத்திடுவார்." காவலாளி சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து விரித்துக் காட்டினார். "எட்டுப் பேரும் வெளிய வந்தாச்சுன்னு அடிச்சுக் குடுத்தது யாரு? நீதானே?"

அவள் சாவிக்குப் பாய்ந்தாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளி, தலையை ஆட்டி, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போப்பா" என்று அவனிடம் சொல்லிவிட்டு, கேட் பக்கம் நடந்தார். சாவிக்கொத்தின் சத்தமும் கூடவே போனது. அவள் கத்தினாள். காற்றாடி இரைச்சலில் அது அவளுக்கே கேட்கவில்லை.

அவனை இங்கே வேலைக்குச் சேர்த்ததே அவள்தான். என் கண் பார்வையிலேயே இருப்பான்மா என்று அம்மாவிடம் சொல்லிக் கூட்டிவந்தாள்.

கதவின் நடுவே தட்டு அளவுக்கு ஒரு கண்ணாடி. உள்பக்கம் முழுக்க வெள்ளை. அதன்மேல் காதை வைத்தாள். அதிர்வு. இரைச்சல். இரைச்சலுக்கு அடியில், தட்டும் சத்தம். விட்டுவிட்டு.

தட்டியது.

நின்றது.

மறுபடி தட்டியது. முன்னைவிட மெதுவாக.

"நான் இங்கதான்டா இருக்கேன்." கண்ணாடியைக் குத்தினாள். தோளால் இடித்தாள். கதவு அவளை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

உள்ளே ஏதோ சுரண்டியது. வெள்ளையில் ஒரு கீறல். இன்னொரு கீறல். பிறகு ஒரு உள்ளங்கை, கண்ணாடியில் வந்து பதிந்தது. ஐந்து விரல்கள். கட்டைவிரலில் மஞ்சள் துணி. காலையில் அவள் போட்ட முடிச்சு, அவிழாமல்.

அவள் தன் கையை அதன்மேல் வைத்தாள். நடுவே கண்ணாடி.

தோளில் ஒரு கை விழுந்தது. அதில் சூடும் இல்லை, குளிரும் இல்லை.

"வா அக்கா. வீட்டுக்குப் போலாம். அம்மா காத்திட்டிருப்பாங்க."

உள்ளே அந்தக் கை கீழே சரியவில்லை. ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றது. கண்ணாடியின் ஓரங்களிலிருந்து உறைபனி மெல்ல மெல்லப் பூத்து வந்து அதை மூடியது. முதலில் சுண்டுவிரல். அடுத்தது. அதற்கடுத்தது. கடைசியாக அந்த மஞ்சள் துணி.