செங்கோடன் மகளின் பருப்பதிவு

காலையில் காபி குடிப்பதற்கு முன் மகளின் முகத்தில் இருக்கும் பருக்களைப் பதிந்துவிட வேண்டும். ஈரோட்டில் பதின்ம வயதுப் பிள்ளை இருக்கிற எல்லா வீட்டிலும் இதே கூத்துதான். செங்கோடன் முகப்பதிவான் கருவியை மிருதுளாவின் கன்னத்தருகே பிடித்துக்கொண்டு, "நெத்தியில புதுசா ஒண்ணு. மூக்கோரத்துல இருந்தது வத்திப்போச்சு" என்று உரக்கச் சொல்வார். "நன்றி, பெற்றோரே" என்று கருவி பதில் சொல்லும். அதன் பிறகுதான் அவள் மிருதுளா என்பதை ஊர் ஒப்புக்கொள்ளும்.

சாவி, சீட்டு, அடையாள அட்டை எல்லாம் ஒழிந்து, முகமே எல்லாமாகிப்போன காலம் அது. பேருந்தும் பள்ளிக்கூடமும் பெட்டிக்கடையும் முகத்தைப் பார்த்துத்தான் திறந்தன. வளரும் பிள்ளைகளிடம்தான் பொறிகள் திணறின. இந்த மாதம் இருந்த முகம் அடுத்த மாதம் இருப்பதில்லையே! தலையைப் பிய்த்துக்கொண்ட நிபுணர்கள், பருக்கள் உட்கார்ந்திருக்கும் விதம் ஒருவருக்கு இருப்பதுபோல் இன்னொருவருக்கு இல்லை என்று கண்டுபிடித்து, அதையே அடையாளமாக்கிவிட்டார்கள். கிள்ளினால் தழும்பாகும் என்று மருத்துவர்கள் காலங்காலமாகக் கெஞ்சியதை எந்தப் பிள்ளை கேட்டது? அடையாளச் சிதைப்புக் குற்றம் என்று சட்டம் வந்ததும் ஒரு கைகூட முகத்துக்குப் போகவில்லை. பருவே வராத பிள்ளைகள் தாசில்தாரிடம் சான்று வாங்க அலைந்தார்கள்.

மருத்துவம் இல்லாமல் இல்லை. தோல் மருத்துவர் பூங்கொடி களிம்பு கொடுத்திருந்தார்.

"அழுக்கால வர்றதில்லீங்க, முறுக்கு தின்னதாலயும் இல்ல. இந்த வயசுல ஹார்மோன் ஏறுது, எண்ணெய்ச் சுரப்பி அடைச்சுக்குது. மருந்து மெல்லத்தான் கேக்கும். ஒவ்வொண்ணா வத்த வத்தப் பதிஞ்சுட்டே வாங்க, பொறிக்கும் பழகிரும்."

மெல்ல என்ற சொல் செங்கோடனுக்கு ஆகாது. மிருதுளா நான்கு பேர் முன்னால் தலை நிமிர்ந்து பேசியே மாதக்கணக்காகிறது. அவள் உயிரை விட்டுப் படித்த கடற்பொறியியல் நுழைவுத் தேர்வுக்கும் குனிந்த தலையோடு போவதா? ஒரே நாளில் முகத்தைத் துடைத்துவிடும் பருநீக்கிப் பசையை அவர் திருட்டுத்தனமாக வரவழைத்தார். டாக்டர் கொடுத்ததுதான் என்று கூசாமல் புளுகி, தேர்வுக்கு முதல் நாள் தானே பூசியும் விட்டார்.

பசை சொன்னபடி வேலை செய்தது. மறுநாள் மிருதுளா கண்ணாடியைப் பார்த்துத் துள்ளிக் குதித்தாள். பதிய ஒரு பருகூட இல்லாததால் செங்கோடன் பதிவானை எடுக்கவேயில்லை. வீட்டுக் கதவு மட்டும் அவளிடம், "விருந்தாளிக்கு வணக்கம்" என்றது.

"அது பழைய கதவு கண்ணு, அதுக்கென்ன தெரியும்" என்று சொல்லி, ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனார்.

தேர்வுக்கூடத்து வாசற்பொறி புத்தம் புதியது. "இந்த நபர் பதிவில் இல்லை" என்று அதுவும் கையை விரித்தது. மிருதுளாவின் முகம் வெளுத்துப் போயிற்று. இன்று விட்டால் அடுத்த வருஷம்தான்.

மேற்பார்வையாளர் அம்மாள் ஓடி வந்தார். "பெத்தவங்க சாட்சி சொன்னா விடலாமுங்க. சின்ன வயசுப் பதிவுல இருந்து பொறி கேக்கும். புள்ளையப் பாக்காம பதில் சொல்லோணும்."

"இவ்வளவுதானுங்களா?" செங்கோடன் மீசையைத் தடவிக்கொண்டு திரும்பி நின்றார். அந்த முகத்தைத் தினமும் அங்குலம் அங்குலமாகப் பார்க்கிறவர் அவரை விட்டால் வேறு யார்?

"கன்னக்குழி எந்தப் பக்கம்?" என்றது பொறி.

"வலது கன்னத்துல, காதோரமா ஒரு கொத்து இருந்துச்சுங்க. அதுக்குக் கீழ ஒண்ணு நல்லாச் சிவந்து..."

"பரு கேட்கப்படவில்லை."

செங்கோடன் மீசையிலிருந்து கையை எடுத்தார். "இடதுங்க."

"தவறு. கண்ணின் நிறம்?"

பதிவானின் வெளிச்சம் கூசுகிறது என்று அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் உட்காருவாள். நிறத்துக்கு அவர் எங்கே போவார்? "கருப்பு" என்று குத்துமதிப்பாகச் சொன்னார்.

"தவறு."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். செங்கோடனுக்குப் பூமிக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. மேற்பார்வையாளருக்கே மனசு கேட்கவில்லை.

"ஒரே ஒரு நிமிஷம் தர்றேன். புள்ளைய ஒருக்காப் பாத்துக்குங்க. கதவு சாத்தற நேரமாச்சு."

அவர் திரும்பினார். தேன் நிறத்தில் பெரிய கண்கள், நிறையத் தண்ணீரோடு. அழுகையை அடக்க அவள் உதட்டைக் கடித்ததில் வலது கன்னத்தில் குழி விழுந்தது. இடப்புருவத்தின் நுனியில் பொடி மச்சம் ஒன்று. இவ்வளவு பெரிய பெண்ணாக எப்போது ஆனாள்? பொறி மறுபடி கேட்டபோது செங்கோடன் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார். கதவு திறந்தது.

உள்ளே ஓடிய மிருதுளா பாதியில் நின்று திரும்பினாள். "மறுபடி பரு வந்தாத்தான் என்னைப் பாப்பீங்களாப்பா?"

பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள். செங்கோடன் வாசலிலேயே நின்றார்.

"முடிய மூணு மணி நேரம் ஆகுமுங்க, வீட்டுக்குப் போயிட்டு வாங்க" என்றார் மேற்பார்வையாளர்.

"இல்லீங்க, இருக்கறேன். புள்ள வெளிய வர்றப்பப் பாக்கோணும்."