எறும்பு தும்மினாலும் கேட்கும்

பக்கத்துத் தெருவில் ஓர் எறும்பு தும்மினால் பஞ்சுவுக்குக் கேட்டுவிடும். கேட்பது மட்டுமா, அந்த எறும்புக்குச் சளி பிடித்திருக்கிறதா, இல்லை வெறும் தூசியா என்பதையும் சொல்லிவிடுவாள்.

நீங்கள் நம்ப மாட்டீர்கள். பஞ்சுவின் மாமாவும் நம்பவில்லை. "எறும்புக்கு மூக்கே கிடையாது" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

எப்போதும் காதில் பஞ்சு வைத்திருப்பதால்தான் அவளுக்கு அந்தப் பெயர். நாம் கவனிக்கக்கூட மாட்டாத சத்தங்கள் அவளை ஊசியாகக் குத்தும். தட்டில் கரண்டி உரசினால் பல் கூசும். யாராவது நாற்காலியை இழுத்தால் தன் முதுகெலும்பையே இழுத்த மாதிரி இருக்கும். பள்ளியில் மணி அடிப்பதற்கு வெகுநேரம் முன்பே அவள் காதைப் பொத்திக்கொண்டுவிடுவாள்.

இதைச் சொன்னால் மாமா சிரிப்பார். "சத்தம் என்ன கல்லா, வந்து மண்டையில விழ?" என்பார். அப்படிச் சொல்கிற குரலே கல் மாதிரிதான் விழும். அவர் ரகசியம் பேசினால் கூரையிலிருக்கும் புறாக்கள் பறந்துவிடும். எல்லோரும் அவரை இடி என்றுதான் கூப்பிட்டார்கள்.

இடி மாமா ஒரு சலவைக்கூடத்தின் மேற்பார்வையாளர். விடுதிகளிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் படுக்கை விரிப்புகள் மலை மலையாக வந்து இறங்கும். யானை ஒன்று கால்நீட்டித் தூங்கலாம், அத்தனை பெரிய இயந்திரங்கள் அவற்றை விழுங்கித் துவைத்துக் கக்கும். அவை போடும் கூச்சலில் பக்கத்தில் நிற்பவர் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது.

அதனால் அங்கே எல்லோரும் கையால்தான் பேசுவார்கள். காற்றைப் பிழிந்து காட்டினால், ஈரத்துணி வருகிறது. உள்ளங்கையைக் குவித்து ஊதினால், டீ வந்துவிட்டது. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே பெருக்கல் குறிபோல வைத்தால், எல்லாவற்றையும் நிறுத்து. அதை யார் காட்டினாலும், பார்த்தவர் ஏனென்று கேட்காமல் தன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அடுத்தவருக்குக் காட்ட வேண்டும். மாமாவின் காலத்தில் ஒருவரும் அதைக் காட்டியதில்லை. அதில் அவருக்கு அத்தனை பெருமை.

பஞ்சுவின் அம்மாவுக்கு அங்கே துணி மடிக்கிற வேலை. விடுமுறை நாட்களில் பஞ்சுவும் தம்பி பம்பரமும் மடிக்கிற அறையில் இருப்பார்கள். கதவைச் சாத்திவிட்டு, காதிலிருக்கும் பஞ்சுக்கு மேல் அம்மாவின் கம்பளித் துண்டையும் சுற்றிக்கொண்டால் பஞ்சு எப்படியோ சமாளித்துவிடுவாள். கதவின் கண்ணாடி வழியாக அந்தக் கைப்பேச்சைப் பார்ப்பது அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் இயந்திரக் கூடத்துக்குள் அவள் கால் வைத்ததே இல்லை.

பம்பரத்துக்கு இரண்டு வயது. தூக்கம் வரும்வரை சுற்றுவான். தூக்கம் வந்தால் மெத்தென்ற துணிக்குள் புகுந்துகொண்டு கட்டைவிரலைச் சப்புவான். ச்சப், ச்சப். உலகத்துச் சத்தங்களிலேயே பஞ்சுவுக்குப் பிடிக்காதது அதுதான். பஞ்சையும் கம்பளியையும் துளைத்துக்கொண்டு போய் மூளைக்குள் சப்பணமிட்டு உட்கார்ந்துகொள்ளும்.

அன்று அம்மா, தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மடித்த துணிகளை வாசலில் நின்ற வண்டியில் ஏற்றிவிடப் போயிருந்தாள். ச்சப், ச்சப். பஞ்சு பல்லைக் கடித்தாள். ச்சப்.

"அந்தப் பக்கம் போய்ச் சப்புடா" என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடித் திரும்பி உட்கார்ந்தாள்.

பம்பரம் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையே இல்லை. அன்றைக்கென்று கேட்டுவிட்டான். அவள் திரும்பிப் பார்த்தபோது அறையில் அவன் இல்லை. கூடத்துக் கதவு திறந்து ஆடிக்கொண்டிருந்தது.

பஞ்சு வாசலுக்கு ஓடி அம்மாவைக் கூப்பிட்டாள்.

அம்மா ஓடிவந்தாள். கூடத்தில் இஸ்திரி இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் இஸ்திரி அக்கா வந்தாள். மேசைக்கு அடியில் தேடினார்கள், குழாய்களுக்குப் பின்னால் தேடினார்கள். ஒருவர் காதிலும் விழாது என்று தெரிந்தும் பம்பரம், பம்பரம் என்று கத்தினார்கள். கூடத்தின் கோடியில் வேலையாக இருந்த மாமாவுக்கு விஷயமே தெரியாது.

பஞ்சு கண்ணாடி வழியாகப் பார்த்தாள். தூக்கம் வந்தால் துணிக்குள் புகுவான். அந்தக் கூடம் முழுக்கத் துணிதான். தள்ளுவண்டிகளில் குவித்துவைத்திருந்தார்கள். வண்டியைச் சாய்த்தால் துணி இயந்திரத்தின் வாய்க்குள் சரியும். கதவை மூடினால் வெந்நீர் பாயும். அதற்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை.

காதுகளைப் பொத்திக்கொண்டு கூடத்துக்குள் போனாள்.

சத்தம் அவள்மேல் பாய்ந்தது. பல்லுக்குள் புகுந்தது, வயிற்றுக்குள் உருண்டது. திரும்பி ஓடிவிடு என்று உடம்பு முழுக்கக் கெஞ்சியது. அவள் ஒரு பெட்டிமேல் ஏறி நின்றாள். கைகளைத் தலைக்கு மேலே தூக்க வேண்டும். அதற்குக் காதிலிருந்து எடுக்க வேண்டுமே.

எடுத்தாள். கண்ணீர் வழிய, தலைக்கு மேலே பெருக்கல் குறி போட்டாள்.

முதலில் பார்த்தது இஸ்திரி அக்கா. தன் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கினாள். அவளைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து இன்னொருவர். ஒவ்வொரு இயந்திரமாக முனகி அடங்கியது. பிறந்த நாளிலிருந்து வாயை மூடாத அந்தக் கூடம் வாயை மூடியது.

"எவன் நிறுத்தச் சொன்னது?" கோடியிலிருந்து இடி இடித்தது.

பஞ்சுவுக்கு இயந்திரங்களைவிட மாமாவிடம்தான் பயம். ஆனாலும் சொன்னாள்.

"வாயை மூடுங்க, மாமா."

கூடமே விக்கித்து நின்றது. அதிர்ச்சியில் மாமா வாயை மூடிவிட்டார். பஞ்சு துண்டை அவிழ்த்தாள். காதிலிருந்த பஞ்சை எடுத்தாள். அப்படி அவள் அதை எடுத்து அம்மாவே பார்த்ததில்லை.

ஒரு குழாய் சொட்டியது. மாமாவின் கைக்கடிகாரம் சுத்தியலாக அடித்தது. இஸ்திரி அக்காவின் வயிற்றில் மதியச் சாப்பாடு உருண்டது. அம்மாவின் மூச்சு விட்டு விட்டு வந்தது. வேறெதுவும் இல்லை.

வேறெதுவும் இல்லை.

ச்சப்.

பஞ்சு மூச்சை நிறுத்தினாள். ச்சப், ச்சப்.

"மாமா," என்றாள், "உங்க வண்டியில."

மாமா குனிந்து பார்த்தார். அவர் கை வண்டியின் பிடியில் இருந்தது. வண்டி ஏற்கெனவே பாதி சாய்ந்திருந்தது. ஒரு விரிப்பை விலக்கினார், இன்னொன்றை விலக்கினார். அடியில் பம்பரம் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தான், கட்டைவிரல் வாயில்.

மாமா தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். விழித்துக்கொண்ட பம்பரம் கூரை பிளக்க அழுதான். பஞ்சு அவனைக் கட்டிக்கொண்டு, "மெதுவா அழுடா" என்று தானும் அழுதாள்.

பஞ்சுவின் பயம் ஒன்றும் போய்விடவில்லை. பஞ்சு மறுபடி காதுக்குள் ஏறியது. ஆனால் அன்றிலிருந்து மாமா, இயந்திரங்களை ஓட்டுவதற்கு முன் கண்ணாடிக்கு வந்து கையைத் தூக்கிக் காட்டுவார். அவள் துண்டைச் சுற்றிக்கொண்டு தலையாட்டிய பிறகுதான் பொத்தானை அழுத்துவார். பம்பரம் சப்பினால் பஞ்சு இப்போதும் பல்லைக் கடிப்பாள். ஆனால் திரும்பி உட்கார மாட்டாள்.

புதிதாக வந்த வண்டி ஓட்டுநரிடம் இஸ்திரி அக்கா இந்தக் கதையை எறும்பிலிருந்து ஆரம்பித்துச் சொன்னாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அத்தனை துணிக்கு அடியில விரல் சப்புறது கேட்டுச்சாம். மேற்பார்வை சார், இதை நீங்க நம்புறீங்களா?"

மாமா மடிக்கிற அறைப்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு, கூரையில் ஒரு புறாகூட அசையாத குரலில் சொன்னார்:

"கேட்டுச்சுப்பா. அந்த வண்டியைச் சாய்ச்சுக்கிட்டிருந்தது நான்தான். எறும்புக்கும் மூக்கு இருக்கு."